பூகோளம் யாருக்கு உரியது?

"பூகோளம் படித்து என்ன செய்யப் போகிறான்? கடையில் அமர்ந்தால் நாலு காசாவது கிடைக்குமே!" மேற்படிப்புக்குப் புறப்படும் பிள்ளைகளைக் குறித்து நம் வர்த்தகச் சகோதரர்களில் சிலர் இப்படிச் சொல்லக் கேட்கிறோம். மலைகளின் பெயரையும் நதிகளின் நீளத்தையும் நெட்டுருப் போடுவதே பூகோளம் என்று பள்ளியில் பதிந்துபோன எண்ணம் அது. இந்தச் சாஸ்திரம் வளர்ந்த கதையோ வேறு.

பைத்துல் முகத்தஸில் பிறந்த அல் முகத்தஸீ என்னும் அறிஞர் 985-ஆம் ஆண்டில் 'அஹ்ஸனுத் தகாஸீம்' என்ற பூகோள நூலை இயற்றினார். அதற்கு முன், இந்துமாக் கடலின் படங்களை ஏடுகளில் பார்த்தார். ஒருவர் அக்கடலைத் தோளில் அணியும் சால்வை போலவும், மற்றொருவர் பறவை போலவும் வரைந்திருந்தனர். எது மெய்? ஏடன் கடற்கரையில் ஒரு நாள் அபூ அலீ இப்னு ஹாஸிம் என்பவருடன் அமர்ந்திருந்தபோது இதைக் கேட்டார். அவரோ வர்த்தகர்களின் தலைவர். அவருடைய கப்பல்கள் அக்கடலின் கோடி வரை சென்று வந்தவை. அவர் மணலை உள்ளங்கையால் சமப்படுத்தி, கடலை வரைந்து காட்டினார். சால்வையுமன்று, பறவையுமன்று! நாக்குகளைப் போல் வளைகுடாக்கள் நீண்டிருக்கும் ஓர் உருவம். முகத்தஸீ அதையே ஏற்றார்.

தாம் கண்டது, நம்பத்தக்கவரிடம் கேட்டது, ஏடுகளில் படித்தது என்று தம் செய்திகளை அவர் மூன்றாகப் பிரித்தார். ஒவ்வொரு நாட்டின் நிறையையும் அளவையையும் நாணயத்தையும் சரக்கையும் வரியையும் எழுதி வைத்தார். இவை நம் கணக்குப்பிள்ளை எழுதும் விஷயங்களல்லவா?

பிற்காலத்தில் 1820-ல் கார்ல் ரிட்டர் பெர்லின் ஸர்வகலாசாலையில் பூகோளப் பேராசிரியரானார். அதன் பின் ஒரு பெரிய வாதம் எழுந்தது. நிலமும் வெயிலுமே மனிதனின் குணத்தை நிர்ணயிக்கின்றன என்றனர் ஒரு சாரார். உஷ்ண தேசத்தார் சோம்பேறிகள் என்று சொல்ல இது காலனி ஆட்சியாளருக்கு வெகு வசதியாயிருந்தது. பிரெஞ்சு அறிஞர் விதால் தெ லா பிளாஷ் மறுத்தார்: நிலம் வாய்ப்புகளைத்தான் தருகிறது, அவற்றில் தேர்ந்துகொள்பவன் மனிதனே என்றார். கீழக்கரையின் வறண்ட நிலம் நம் முன்னோரை முடக்கவில்லை. அவர்கள் கடலைத் தேர்ந்தனர். விதால் கட்சிக்கே என் வாக்கு.

நம் பகுதியில், சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்லூரி 1928-ல் பூகோளம் கற்பிக்கத் தொடங்கிற்று. 1949-ல் அது மலாயா ஸர்வகலாசாலையின் ஓர் அங்கமாயிற்று.

பெர்மாஸ் ஜெயாவையே பாருங்கள். எதிரே ஜலசந்தி, அதற்கப்பால் சிங்கப்பூர். ஒரு பக்கம் 1924-ல் பாலம் திறக்கப்பட்ட ஜொகூர் பாரு. மறுபக்கம் 1977 முதல் கப்பல்களை ஏற்கும் பாசிர் கூடாங் துறைமுகம். கடைத்தெரு இங்கு ஏன் வந்தது என்று ஒரு பூகோள மாணவன் கேட்கக்கூடும். உங்கள் கடை வெங்காயம் எந்த ஊரில் விளைந்து, எந்த வழியாக வந்தது என்றும் கேட்பான். தயங்காமல் வரைந்து காட்டுங்கள். மணல் இல்லாவிட்டால் பில் புத்தகத்தின் பின்புறம் போதும்.