தாத்தாவின் ஒலிப்பெட்டி

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில் தாத்தாவுக்குச் செவித்திறன் குறைந்து வந்தது. நாள்தோறும் காலையில் அவர் கைப்பேசியில் தமிழ்ச் செய்தி கேட்பது வழக்கம். ஒலி போதாமையால் கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொள்வார்; அப்போதும் பாதிச் சொற்கள் நழுவிவிடும். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் பேத்தி, பரணில் கிடந்த பழைய வானொலியின் ஒலிபெருக்கியைக் கழற்றி எடுத்தாள். அதன் முதுகில் '8 ஓம்' என்று பொறிக்கப்பட்டிருந்தது. அதனை இயக்க, ஆம்ப்ளிஃபயர் என வழங்கும் பெருக்கி ஒன்றைத் தானே செய்யத் துணிந்தாள். கோடையின் மின்வெட்டிலும் அது இயங்க வேண்டும் என்பது அவள் விருப்பம்.

செங்கோட்டைக்கு எதிரே உள்ள லஜ்பத் ராய் சந்தைக்குத் தந்தை அவளை அழைத்துச் சென்றார். அவள் முதலில் கேட்டது டி.டி.ஏ. 2030 என்னும் சில்லு. அது 14 வாட் வரை தரவல்லது.

"அதற்கு எத்தனை வோல்ட் வேண்டுமாம், அம்மா?" என்று தந்தை வினவினார்.

குறைந்தது 12 வோல்ட் வேண்டும். சூட்டைப் போக்க உலோகத் தகடும் வேண்டும். முழுத் திறனையும் பெற, வீட்டு மின்சாரத்தில் இயங்கும் மின்மாற்றியே ஏற்றது. தாத்தாவின் தலைமாட்டில் 230 வோல்ட் இணைப்பா? மலையைக் கெல்லி எலியைப் பிடித்தாற்போல ஆகிவிடும்.

வாட் மிகுந்தால் ஒலியும் அதே அளவு மிகும் என்று பலர் எண்ணுகின்றனர். செவியோ அவ்வாறு கணக்கிடுவதில்லை. ஓசை இரு மடங்காகத் தோன்றவேண்டுமெனில், திறன் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். ஆகவே 1 வாட்டுக்கும் 2 வாட்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் செவி சிறிதளவே உணரும். ஒரு சிற்றறையில், பெட்டிக்குள் பொருத்திய நல்ல ஒலிபெருக்கிக்கு அரை வாட்டே போதுமானது.

அடுத்து, பி.ஏ.எம். 8403 என்னும் சில்லைக் கடைக்காரர் காட்டினார். கைப்பேசி மின்னேற்றி தரும் 5 வோல்ட்டில் அது இயங்கும், மின்சாரத்தை வீணாக்காது. ஆனால் அதன் கால்கள் மிக நுண்ணியவை. கையால் பற்றவைப்பது கடினம். எனவே அது ஆயத்தப் பலகையாகவே விற்கப்படுகிறது. அதனை வாங்கினால், தானே செய்தோம் என்று சொல்ல என்ன மிஞ்சும்?

இறுதியில் அவள் தேர்ந்தது எல்.எம். 386. எட்டுக் கால்கள், எளிதில் பற்றவைக்கலாம். 4 முதல் 12 வோல்ட் வரை ஏற்கும். ஒலி இல்லாதபோது ஏறத்தாழ 4 மில்லி ஆம்பியர் மின்னோட்டமே கொள்ளும். ஆறு சிறிய மின்கலங்களை வரிசையாக இணைத்தால் 9 வோல்ட் கிடைத்துவிடும்.

வீட்டில் ஒரு வரைபடத்தைப் பார்த்துச் சுற்றை அமைத்தாள். ஐந்தாம் காலில் ஒலி வெளிவரும். ஆயினும் அங்கே மின்கல அழுத்தத்தில் பாதியாகிய 4.5 வோல்ட் எப்போதும் நிலையாக நிற்கும். அது ஒலிபெருக்கியைச் சென்றடையாதபடி 220 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றை இடையே வைத்தாள். எல்லாம் சரியே. எனினும், செய்தியை ஓடவிட்டதும் கரகரவென்ற இரைச்சலே எழுந்தது!

பிழை வரைபடத்தில் இல்லை. அது ஒலிவாங்கிக்கென வரையப்பட்டது. ஒலிவாங்கி தரும் குறிகை மிக நலிந்தது. அதனை 200 மடங்காக்க, முதற்காலுக்கும் எட்டாங்காலுக்கும் இடையே ஒரு மின்தேக்கி காட்டப்பட்டிருந்தது. கைப்பேசியின் குறிகையோ வலியது. 0.1 வோல்ட் 200 மடங்கானால் 20 வோல்ட். 9 வோல்ட் மின்கலம் அதனை எங்ஙனம் தரும்? அலையின் உச்சிகள் வெட்டுண்டு கரகரத்தன. அம்மின்தேக்கியை அவள் நீக்கினாள். பெருக்கம் 20 மடங்காகக் குறைந்தது, குரல் தெளிந்தது.

மறுநாட்காலை தாத்தா சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்தார். கைப்பேசி மேசைமேல் கிடந்தது. செய்தி தொடங்கிச் சில நொடிகளில் அவர் திரும்பி, "சத்தத்தைக் கொஞ்சம் குறை, கண்ணு" என்றார்.

பயிற்சி

1. மின்கலம் 6 வோல்ட்டாக இருப்பின், ஐந்தாம் காலில் எத்தனை வோல்ட் நிலையாக நிற்கும்?

2. முதலிரண்டு சில்லுகளையும் பேத்தி விலக்கியதற்கு உரிய காரணங்களை உம் சொற்களில் எழுதுக.

3. 'மலையைக் கெல்லி எலியைப் பிடித்தாற்போல' என்னும் உவமைத்தொடரைச் சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக.