முதுகெலும்பின் மெத்தைகள்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

இடுப்பு வலியைப் பற்றி எங்கள் கோம்பையில் இரண்டு தீர்ப்புகள் உண்டு. ‘உழைக்கிற உடம்புக்கு ஒன்றும் வராது’ என்பது ஒன்று. வந்துவிட்டாலோ, ‘ஜவ்வு விலகிவிட்டது, அசையாமல் படு’ என்பது மற்றொன்று. முள்ளெலும்புகளைப் பாடத்தில் படித்தபோது இவ்விரண்டையும் உரசிப் பார்க்கும் ஆவல் எனக்கு எழுந்தது.

ஊரார் ஜவ்வு என்று கூறும் வட்டுகள் நம் முதுகெலும்பில் 23 உள்ளன. ஒவ்வொன்றின் நடுவிலும் நுங்கு போன்ற கூழ்ப்பகுதி. அதைச் சுற்றி அடுக்கடுக்கான நார்வளையம். மேலும் கீழும் மெல்லிய குருத்தெலும்புத் தகடுகள். வளர்ந்தவர் உடலில் இரத்தக்குழாய் நுழையாத பகுதிகளுள் மிகப் பெரியது இதுவே. நடுவிலுள்ள செல்லுக்கும் அருகிலுள்ள இரத்தக்குழாய்க்கும் இடையே 8 மில்லிமீட்டர் வரை தூரம் இருக்கலாம். ஒரு செல்லுக்கு அது காத தூரமன்றோ! பிராணவாயுவும் குளுக்கோசும் பெரும்பாலும் தகடுகளின் வழியே கசிந்துதான் வரவேண்டும்.

இக்கசிவைக் கண்ணால் காணச் செய்தவர்கள் கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரனும் அவர் குழுவினரும் ஆவர். இரத்தத்தில் ஒரு மருந்தைச் செலுத்தி, மணிக்கணக்கில் எம்.ஆர்.ஐ. படங்கள் எடுத்தனர். எலும்பில் சில நிமிடங்களிலேயே தெரிந்த மருந்து, நல்ல வட்டின் நடுவில் உச்சமடைய ஏறத்தாழ 6 மணி நேரம் ஆயிற்று. 2004இல் வெளியான இவ்வாய்வு உலகப் பரிசு பெற்றது நமக்கெல்லாம் பெருமை.

இனி அசைவுக்கு வருவோம். பகலில் சுமை தாங்கும் வட்டிலிருந்து நீர் பிழியப்படுகிறது. இரவில் படுத்ததும் அது நீரை உறிஞ்சி உப்புகிறது. காலையில் நாம் சுமார் ஒரு சதவீதம் உயரமாக இருப்பது இதனால்தான். செல்களும் அழுத்தத்தை உணர்கின்றன. 1997இல் ஜப்பானியர் வெளியிட்ட சோதனையில், 3 வளிமண்டல அழுத்தத்தில் செல்கள் நீரைப் பிடித்துவைக்கும் புரோட்டியோகிளைக்கானை மிகுதியாக உண்டாக்கின. 30இல் அந்த உற்பத்தி குறைந்து, வட்டையே அரிக்கும் நொதி பெருகியது. ஜெர்மனியில் ஒருவரின் வட்டுக்குள் கருவி வைத்து 1999இல் அளந்தபோது, படுத்திருக்கையில் 1, நிற்கையில் 5, முதுகை வளைத்து 20 கிலோ தூக்குகையில் 23 என்று காட்டியது. மூட்டை தூக்குவோர் இக்கணக்கை நினைவிற் கொள்க.

அதிர்வின் கதை வேறு. உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பு நொடிக்கு 4 முதல் 6 அதிர்வுகளில் ஒத்ததிர்கிறது. (இயற்பியல் நண்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.) கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டிகளின் அதிர்வும் பெரும்பாலும் இவ்வெல்லையில்தான் விழுகிறது. ஏலத் தோட்டத்துக்கு விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறும் பெண்களுள் என் தாயாரும் ஒருவர். ஆதலால் இவ்வரியை நான் பலமுறை படித்தேன். எனினும் பழியனைத்தும் வேலையின் மேல் இல்லை. பின்லாந்தின் ஒத்த இரட்டையரை ஆராய்ந்து 1995இல் வெளியிட்டவர்கள், வட்டின் தேய்வில் தொழிலைவிடப் பரம்பரையின் பங்கே பெரிதெனக் கண்டனர்.

படுக்கை? நரம்பு பாதிக்கப்படாத இடுப்பு வலிக்காரர்களிடம் 1986இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், 2 நாள் ஓய்வு 7 நாள் ஓய்வுக்குச் சற்றும் குறையாத பலனைத் தந்தது. வேலையிழந்த நாட்களும் குறைந்தன. ஆனால் கால் வலுவிழந்தாலோ சிறுநீர் தடைபட்டாலோ, நடப்பதா படுப்பதா என்று யோசிக்காமல் உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும்.