நீச்சல் குளத்து டைல்ஸில் வெள்ளைப் படிவு: எதைக் கொண்டு எடுப்பது?

திருவனந்தபுரத்துக் குழாய்நீர் பெரும்பாலும் கரமனை ஆற்றின் அருவிக்கரை அணையிலிருந்து வருகிறது. கருங்கல் மலையில் பிறந்த மென்னீர் அது, சுண்ணாம்பு குறைவு. ஆகவே இங்கே நீச்சல் குளத்தில் நீர்மட்டத்தை ஒட்டி டைல்ஸ் வெளுத்தால், தண்ணீரைக் குறைசொல்லும் முன் குளோரின் மூட்டையைப் பாருங்கள். பிளீச்சிங் பவுடரில் கரையாத சுண்ணாம்பு நிறைய உண்டு. கோடையில் நீர் ஆவியாகி, பிஎச் 7.8-ஐத் தாண்டும்போது அது டைல்ஸில் இறுகிவிடுகிறது. கடலோரத்தில் போர்வெல் நீர் நிரப்புபவர்கள் மட்டும் நீரின் கடினத்தன்மையைத் தனியே சோதித்துக்கொள்ள வேண்டும்.

எதை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன், படிவின் மேல் ஒரு சொட்டு ஆசிட் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் கால்சியம் கார்பனேட்; கரைத்துவிடலாம். நுரைக்காமல் சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தால் சிலிக்கேட். கரைசல்களுக்கு எளிதில் மசியாது. டைல்ஸ் இணைப்புகளிலிருந்து கோடுகோடாக வழிந்திருந்தால் பின்னால் நீர் கசிகிறது. கசிவை அடைக்காமல் தேய்ப்பது வீண் வேலை.

கார்பனேட்டுக்கு நம் ஆட்கள் முதலில் தேடுவது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். விலை மலிவு, நொடியில் வேலை முடியும். ஆனால் படிவோடு சேர்ந்து இணைப்புச் சிமெண்டையும் அது தின்னும். ஸ்டீல் ஏணியை அரிக்கும். பிளீச்சிங் பவுடரில் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வினிகர் லேசான படிவுக்குச் சரி. சிட்ரிக் ஆசிட் அதைவிட வலுவானது. எல்லாவற்றிலும் நல்லது சல்பாமிக் ஆசிட் தூள்: அது கால்சியத்தோடு சேர்ந்து உண்டாக்கும் உப்பு நீரில் நன்றாகக் கரைவதால், கழுவினால் போய்விடும். குளத்து நீரை ஒரு சாண் இறக்கி, கரைசலைப் பூசி, சில நிமிடம் விட்டு நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். இணைப்புகளில் அதிக நேரம் ஊறவிடாதீர்கள். பளிங்கிலும் சுண்ணாம்புக் கல்லிலும் எந்த ஆசிட்டும் கூடாது.

சிலிக்கேட்டுக்கு நுரைக்கல் உதவும், பளபளப்பில்லாத செராமிக் டைல்ஸில் மட்டும். கண்ணாடி மொசைக்கில் கீறல் விழும். பெரிய குளமானால் இயந்திரத்தால் பொடி பீய்ச்சிச் சுரண்டுவதுதான் வழி. செலவு அதிகம்.

எடுத்த படிவு திரும்ப வராதிருக்க குளோரினை மாற்ற வேண்டும். ஆனால் கால்சியத்தை அறவே ஒழித்துவிடக் கூடாது. மென்னீர் தனக்கு வேண்டிய சுண்ணாம்பை இணைப்புச் சிமெண்டிலிருந்தே அரித்து எடுத்துக்கொள்ளும். கடினத்தன்மை 200 முதல் 400 பிபிஎம், பிஎச் 7.2 முதல் 7.6 என்ற அளவில் நிறுத்துங்கள். புதிதாக நிரப்பிய குளத்துக்குக் கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணை நல்லதே. கடினத்தன்மை 300-ஐத் தொட்டதும் திரவ சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு மாறுங்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் குளத்து நீர் நீர்த்துப்போகும் என்பதால் அப்போது மீண்டும் சோதியுங்கள்.

எந்த ஆசிட்டானாலும் தண்ணீரில்தான் அதைச் சேர்க்க வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. குளத்தில் இறங்கித் தேய்க்கும் தொழிலாளிக்குக் கையுறையும் கண் கவசமும் வாங்கித் தந்த பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.