விரத நாளில் மாத்திரையா? கல்லீரலைக் கொஞ்சம் கவனியுங்கள்!

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேற நேர்ந்துகொண்ட ஒரு குடும்பத்தலைவியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். விரதம் என்பதால் பாலும் பழமும்தான். இரண்டு நாளாகக் காய்ச்சல் வேறு. 'வேண்டிக்கிட்டாச்சு, படுத்துக்க முடியுமா?' என்று 650 மில்லிகிராம் காய்ச்சல் மாத்திரையை நாலு வேளை போடுகிறார். மூக்கு ஒழுகுகிறதே என்று ஜலதோஷ மாத்திரை மூன்று. 365 படி ஏறணுமே என்று, நகரியில் இருக்கும் தங்கை கொடுத்த முட்டிவலி மாத்திரை இரண்டு.

மூன்றுக்கும் பெயர் வேறு. ஆனால் அட்டையில் உள்ள பொடி எழுத்தைப் படித்தால், மூன்றிலும் பாராசிட்டமால்! காய்ச்சல் மாத்திரையில் 2,600, ஜலதோஷ மாத்திரையில் (தலா 500) 1,500, வலி மாத்திரையில் (தலா 325) 650. மொத்தம் 4,750 மில்லிகிராம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4,000தான் உச்ச வரம்பு.

பட்டினி என்ன செய்யும்?

பாராசிட்டமால் நல்ல மருந்துதான். அளவோடு சாப்பிட்டால் பயமில்லை. கல்லீரல் அதைப் பக்குவப்படுத்தும்போது ஒரு சிறு பகுதி நச்சுப்பொருளாக மாறுகிறது. அதை முறியடிப்பது கல்லீரலில் இருக்கும் குளூட்டாதயோன். சரியாகச் சாப்பிடாமல் இருந்தால் இந்தக் கையிருப்பு குறைந்துவிடும். அப்போது மாத்திரையும் கூடினால், நச்சு கல்லீரல் செல்களையே தாக்கும். தினமும் குடிப்பவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு: நச்சு அதிகம் உருவாகும், கையிருப்பும் குறைவு. குடிப்பவர்கள், மிகவும் மெலிந்தவர்கள், ஏற்கெனவே கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், காசநோய் அல்லது வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்டே அளவைத் தீர்மானிக்க வேண்டும். காசநோய் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவும் கூடாது.

'ஒண்ணும் பண்ணலியே!'

இதுதான் ஏமாற்றும் இடம். அளவு மீறினாலும் முதல் நாள் வெறும் குமட்டல், அசதி மட்டும் இருக்கலாம். அதுவும் இல்லாமல் போகலாம். வலது விலாவுக்குக் கீழே வலி, மஞ்சள் கண், அடர்ந்த நிறத்தில் சிறுநீர் எல்லாம் பிறகுதான் வரும். 'மஞ்சள் காமாலைதானே, கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சா போச்சு' என்று நாளைக் கடத்தாதீர்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து ஆஸ்பத்திரியில் உண்டு. அதிக அளவு சாப்பிட்ட 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் மிக அதிகம். அதனால் அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

2024 ஆகஸ்டில் மத்திய அரசு 156 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது; பாராசிட்டமால் கலந்த சிலவும் அதில் உண்டு. ஆனாலும் இன்னும் பல கூட்டு மாத்திரைகள் கடையில் கிடைக்கின்றன. அட்டையைப் படிப்பது நம் பொறுப்பு.

செய்ய வேண்டியது

* மருந்தின் பெயரை மட்டுமல்ல, உள்ளே இருப்பதையும் படியுங்கள்.
* ஒரே நேரத்தில் பாராசிட்டமால் உள்ள ஒரு மருந்து போதும்.
* காய்ச்சலில் கஞ்சி, இட்லி, மோர் என்று ஏதாவது சாப்பிடுங்கள்.
* உடம்பு சரியில்லையா? விரதத்தை அடுத்த கிருத்திகைக்கு வைத்துக்கொள்ளலாம். மாதாமாதம் வருகிறதே! முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.