பூமிக்கடியில் கசியும் பெட்ரோல்

சென்ற கோடையில் நம் சங்க அன்பர் ஒருவர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். அவர்கள் குடியிருப்பின் போர்வெல் தண்ணீர். மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாடை. "கொதிக்க வைத்துக் குடித்தால் போதுமா சார்?" என்று கேட்டார். குடிக்கவும் வேண்டாம், கொதிக்க வைக்கவும் வேண்டாம் என்றேன். பெட்ரோலில் உள்ள பென்சீன் 80 டிகிரியிலேயே கொதிக்கும். அடுப்பில் வைத்தால் சமையலறைக் காற்றில் கலந்து நம் நுரையீரலுக்குள் போகும். இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள் அது.

நம் நாட்டுப் பெட்ரோலில் பென்சீன் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அற்பம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 லிட்டர் பெட்ரோலில் 10 மில்லி பென்சீன், எடையில் சுமார் 8.8 கிராம். குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஆக, அந்த 8.8 கிராமும் கரைந்தால் 8 லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுபோய்விடும்.

பூமிக்கடியில் புதைத்த டாங்க் எப்படி ஓட்டையாகிறது? பெரும்பாலும் துருதான். பழைய இரும்பு டாங்க்குகளில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தினமும் இருப்பை அளக்க இறக்கும் கம்பி, ஆண்டுக்கணக்காக ஒரே இடத்தில் இடித்து இடித்து அடித்தகட்டைத் தேய்த்துவிடும். அதற்காகவே அந்த இடத்தில் தடித்த தகடு ஒன்று வைப்பார்கள்.

கசிவு சொட்டுச் சொட்டாகத்தான் ஆரம்பிக்கும். வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 4 லிட்டருக்கு மேல், ஆண்டுக்கு 1,500 லிட்டர். ஆனால் தினசரிக் கணக்கில் இது தெரியாது. வெப்பம் 1 டிகிரி குறைந்தால் பெட்ரோல் ஆயிரத்தில் ஒரு பங்கு சுருங்கும். 10,000 லிட்டர் சரக்கு 5 டிகிரி குளிர்ந்தால் 50 லிட்டர் தானாகவே குறைந்துவிடும். அதற்குள் 4 லிட்டர் ஒளிந்துகொள்ளாதா? மாதம் முழுதும் வித்தியாசம் ஒரே பக்கமாகப் போகிறதா என்று பார்த்தால்தான் பிடிபடும்.

நானே ஏமாந்திருக்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், ஓர் எரிபொருள் கிடங்கில் மாதாமாதம் டீசல் குறைந்துகொண்டு வந்தது. ரிஜிஸ்டரில் 'ஆவியாதல்' என்று எழுதிவைப்பார்கள், நானும் கையெழுத்திட்டேன். டீசல் பெட்ரோலைப் போல ஆவியாவதில்லை என்பது டிப்ளமாவில் படித்த பாடம்தான். கையெழுத்துப் போடும்போது அது நினைவுக்கு வரவில்லை. பக்கத்துக் கிணற்றில் எண்ணெய்ப் படலம் மிதந்த பிறகே தோண்டிப் பார்த்தோம். அந்தக் கிணற்றை நம்பிப் பதினைந்து குடும்பங்கள் இருந்தன.

கசிந்த எண்ணெய் மண்ணின் துளைகள் வழியே நேராகக் கீழே இறங்கும். ஒரு பகுதி பஞ்சில் தங்குவதுபோல் மண்ணிலேயே தங்கிவிடும். மீதி நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும், நீரைவிட இலேசானதால், அதன்மேல் தோசைபோலப் பரவும். மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறும், கோடையில் இறங்கும். எண்ணெயும் கூடவே ஏறி இறங்கிப் பல அடி உயரத்துக்கு மண்ணில் அப்பிக்கொள்ளும். வடசென்னை தண்டையார்பேட்டையில் 2013-இல் வீட்டுப் போர்வெல்களில் தண்ணீரோடு எண்ணெய் வந்த செய்தியை ஊரில் உறவினர் உள்ளவர்கள் அறிந்திருப்பார்கள். அங்கே கசிந்தது டாங்க் அல்ல, நிலத்தடிக் குழாய். எண்ணெயின் போக்கு ஒன்றுதான்.

இனி, சுத்தம் செய்வது. முதலில் டாங்க்கைக் காலி செய்து கசிவை நிறுத்த வேண்டும். அடுத்து, கிணறுகள் போட்டு மிதக்கும் எண்ணெயை உறிஞ்சி எடுக்க வேண்டும். இத்தோடு வேலை முடிந்ததென்று பலர் நினைக்கிறார்கள். மண்ணில் அப்பியது எங்கே போகும்? தண்ணீரை எத்தனை ஆண்டு இறைத்தாலும் அது சிறிது சிறிதாகக் கரைந்து வந்துகொண்டே இருக்கும்.

அதற்கு மருந்து காற்று. துளையிட்ட குழாய்களை மண்ணில் இறக்கி ப்ளோயரால் இழுத்தால் பெட்ரோல் ஆவியாகி வெளியே வரும். அதைக் கரி வடிகட்டி வழியே விட வேண்டும். ஆவியாகாத டீசலுக்கு இது அவ்வளவாகப் பயன்படாது. அங்கே பாக்டீரியாக்கள் உதவிக்கு வரும். எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாக்கள் மண்ணில் இயல்பாகவே உண்டு. 1 கிலோ எண்ணெயைத் தின்று தீர்க்க அவற்றுக்குச் சுமார் 3.5 கிலோ ஆக்சிஜன், அதாவது 15 கிலோ காற்று தேவை. எஞ்சினில் 1 கிலோ பெட்ரோல் எரியவும் ஏறக்குறைய இதே 15 கிலோதான்! நெருப்பில்லாமல் மெல்ல எரிக்கிறது பாக்டீரியா, அவ்வளவே. தண்ணீரிலோ லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். அதனால்தான் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்ட எண்ணெய் அழியப் பல ஆண்டுகள் பிடிக்கின்றன. மேல்மண் மட்டும் கெட்டிருந்தால் அதைத் தோண்டி, தார்ப்பாய் மேல் பரப்பி, யூரியாவும் ஈரமும் கொடுத்து அவ்வப்போது கிளறிவிடலாம். டெல்லியில் உள்ள டெரி நிறுவனம் இத்தகைய பாக்டீரியாக்களை மக்காச்சோளக் கதிர்த் தக்கைப் பொடியில் ஏற்றி 'ஆயில்ஜாப்பர்' என்ற பெயரில் உருவாக்கியிருக்கிறது.

நம் விதர்ப்பாவில் ஒரு சங்கடம். இங்கே பல இடங்களில், நம் கோவில்பட்டிப் பக்கம்போல, கரிசல்மண். ஈரமாக இருக்கையில் காற்றே நுழையாது. கோடையில் பாளம் பாளமாக வெடித்து, புதைத்த குழாய்களின் இணைப்புகளையும் இழுத்துப் பார்க்கும். மணற்பாங்கான இடத்தில் சில மாதங்களில் ஆகிற வேலை இங்கே மிகவும் இழுக்கும்.

பாட்டிலோடு வந்த அன்பரிடம் முதலில் போர் மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். இறைக்க இறைக்க எண்ணெயைத் தம் பக்கம் இழுப்பதாகிவிடும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் பக்கத்துப் பங்க் உரிமையாளருக்கும் எழுத்தில் கொடுக்கச் சொன்னேன். சோதனைக்குத் தண்ணீர் எடுக்கும் முறையையும் சொல்லிக் கொடுத்தேன்: கண்ணாடிப் பாட்டிலில், காற்றுக்குமிழி இல்லாமல் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அவர் கொண்டுவந்தது பிளாஸ்டிக் பாட்டிலில் பாதி. ஆய்வுக்கூடம் போய்ச் சேர்வதற்குள் பென்சீனில் ஒரு பகுதி மேலேயுள்ள காற்றுக்குப் போயிருக்கும், சோதனை முடிவும் உண்மையைவிடக் குறைவாகவே காட்டியிருக்கும்.