டி.வி.யில் இன்டர்நெட் வீடியோ: மலை வீட்டிற்கு எந்த ஸ்டிக்?

கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்று, யு ட்யூப் பார்த்துப் பழகியவர்களுக்கு அடுத்து எழும் கேள்வி, "இதையே ஹாலில் இருக்கும் டி.வி.யில் பார்க்க என்ன வாங்க வேண்டும்?" என்பதுதான். கடையில் கேட்டால் ஒரு ஸ்டிக்கை எடுத்து நீட்டுவார்கள். கோவையில் இருப்பவர் அதை வாங்கி மாட்டினால் பெரும்பாலும் பிரச்னை இருக்காது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பகுதிகளிலும் அவற்றைச் சுற்றியுள்ள எஸ்டேட்களிலும் வசிப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய் என்பது தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் குடும்பத்திற்குச் சிறிய தொகை அல்ல. மலையில் படம் நின்று நின்று ஓடினால் அதற்கு ஸ்டிக் காரணமாக இருப்பது அபூர்வம். லைன், சுவர், கரன்ட் இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். எனவே முதலில் இவற்றைச் சோதித்துவிட்டு, பிறகு சாதனத்தைத் தேர்ந்தெடுப்போம். சோதனைக்கு உங்களிடம் ஏற்கனவே உள்ள லேப்டாப் போதும்.

முதலில் லைன்

லேப்டாப்பை டி.வி. இருக்கும் இடத்திற்கே எடுத்துச் செல்லுங்கள். ரௌட்டர் பக்கத்தில் உட்கார்ந்து சோதிப்பதில் பயன் இல்லை. பிரவுசரில் பாஸ்ட் டாட் காம் என்ற தளத்தைத் திறக்கவும். இது நெட்பிளிக்ஸ் நிறுவனமே நடத்தும் ஸ்பீட் சோதனைத் தளம். எந்தப் பட்டனையும் அழுத்த வேண்டாம். சில விநாடிகளில் ஒரு எண் தெரியும். விநாடிக்கு எத்தனை மெகா பிட் வருகிறது என்பதே அந்த எண். இதைக் காலையில் ஒரு முறையும் இரவு எட்டு மணிக்கு ஒரு முறையுமாக மூன்று நாட்களுக்குக் குறித்து வாருங்கள். ஊரே டி.வி. பார்க்கும் இரவு நேரத்து எண்தான் உங்களுக்குத் தேவையான எண்.

நெட்பிளிக்ஸ் கேட்கும் அளவு இது: சாதாரண எச்.டி. படத்திற்கு 3 மெகா பிட், புல் எச்.டி.க்கு 5, 4கே படத்திற்கு 15. மற்ற தளங்களுக்கும் ஏறக்குறைய இதே அளவு போதும். இரவு எட்டு மணிக்கு 8 மெகா பிட் வருகிற வீட்டில் 4கே ஸ்டிக் வாங்கினால், கூடுதலாகக் கொடுத்த பணத்திற்குப் பலன் இல்லை. அதே வீட்டில் எச்.டி. ஸ்டிக் தெளிவாக ஓடும்.

சராசரி ஸ்பீட் நன்றாக இருந்தும் படம் நிற்கலாம். அதைக் கண்டறிய ஒரு வழி உண்டு. யு ட்யூபில் ஒரு நீளமான வீடியோவை ஓட விட்டு, படத்தின் மேல் ரைட் கிளிக் செய்திடவும். வரும் மெனுவில் கடைசியாக 'ஸ்டாட்ஸ் பார் நெர்ட்ஸ்' என்று இருக்கும். அதைக் கிளிக் செய்தால் ஒரு சிறிய கட்டம் விரியும். அதில் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு 'பபர் ஹெல்த்' என்ற வரியை மட்டும் பாருங்கள். இன்னும் எத்தனை விநாடிக்கான படம் கையிருப்பில் உள்ளது என்பதை அது காட்டுகிறது. வீட்டுத் தண்ணீர் டேங்க் போலத்தான் இதுவும். குழாயில் தண்ணீர் வருவது சிறிது நேரம் நின்றாலும், டேங்கில் இருக்கும் வரை கவலை இல்லை. அந்த எண் 20, 30 என்று இருந்தால் நல்லது. அடிக்கடி பூஜ்யத்தைத் தொட்டால் உங்கள் லைன் விட்டு விட்டு வருகிறது என்று பொருள். எந்த விலையில் ஸ்டிக் வாங்கினாலும் அது சரியாகாது.

மலையில் லைன் விட்டு விட்டு வரக் காரணங்கள் உண்டு. மேடும் பள்ளமுமான இடத்தில் டவர் சிக்னல் மலை முகட்டைத் தாண்டி இறங்குவதில்லை. ரோட்டோரம் நான்கு புள்ளி காட்டும் போன், பள்ளத்தில் உள்ள லைன் வீட்டில் ஒரு புள்ளி காட்டும். மூடுபனியைப் பலர் குறை சொல்வார்கள். பனி மொபைல் சிக்னலைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. பலத்த மழை வேறு. டவரையும் டவரையும் இணைக்கும் மைக்ரோவேவ் லிங்க், மழையில் பலவீனமாகும். பைபர் கேபிளுக்கு மழையால் நேரடி பாதிப்பு இல்லை. ஆனால் மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ அறுந்துவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 911 மி.மீ. மழை கொட்டியதை மாவட்டம் மறந்திருக்காது. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவத்திலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவத்திலும் ஒரு மழை நாளில் இதே சோதனையைச் செய்து பாருங்கள்.

மொபைல் டேட்டாவை நம்பியிருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. விநாடிக்கு 5 மெகா பிட் என்றால் ஒரு மணி நேரத்தில் 2.25 ஜி.பி. செலவாகும். தினம் 1.5 ஜி.பி. தரும் பிளானில் 40 நிமிடம் பார்க்கலாம். படத்தின் இடைவேளைக்கு முன்பே டேட்டா தீர்ந்துவிடும். நெட்பிளிக்ஸ் கணக்கில் 'பிளேபேக் செட்டிங்ஸ்' பகுதியில் 'லோ' எனத் தேர்ந்தெடுத்தால் மணிக்குச் சுமார் 0.3 ஜி.பி.யில் முடியும். 32 அங்குல டி.வி.யில் முகங்கள் சற்று மங்கலாகத் தெரியும். பைபர் லைன் வராத, சிக்னலும் இல்லாத இடத்தில் ஸ்டிக் வாங்குவதே வேண்டாம் என்பது என் கருத்து. மாதச் சந்தா இல்லாத டி.டி. ப்ரீ டிஷ் அந்த வீட்டிற்கு அதிகம் பயன்படும். அதன் சாட்டிலைட் நம் மலையிலிருந்து தென்கிழக்குத் திசையில், வானில் நல்ல உயரத்தில் இருப்பதால் எதிரே உள்ள மலை மறைக்காது. பக்கத்தில் உள்ள சில்வர் ஓக் மரம் மறைக்கலாம். டிஷ் வைக்கும் இடத்தை அதைப் பார்த்து முடிவு செய்யவும்.

லேப்டாப்பே ஸ்டிக் ஆகுமா?

ஆகும். டி.வி.யின் பின்புறம் எச்.டி.எம்.ஐ. போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்பிலும் இருந்தால், சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள் போதும். கேபிளை மாட்டி, டி.வி. ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பட்டனை அழுத்தி, கேபிள் மாட்டிய போர்ட்டைத் தேர்ந்தெடுக்கவும். லேப்டாப்பில் விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு பி கீயைத் தட்டினால் நான்கு வழிகள் தெரியும். 'டூப்ளிகேட்' எனத் தேர்ந்தெடுத்தால் லேப்டாப்பில் தெரிவது அப்படியே டி.வி.யிலும் தெரியும். சத்தம் லேப்டாப்பிலேயே வந்தால், டாஸ்க் பாரில் உள்ள ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்து டி.வி.யின் பெயரைத் தேர்ந்தெடுக்கவும்.

இப்படி ஒரு மாதம் பார்த்துவிட்டு ஸ்டிக் வேண்டுமா என்று யோசியுங்கள். ரிமோட்டில் இயக்கும் வசதி இதில் கிடையாது. வீட்டில் பெரியவர்கள் தனியாகப் பார்க்க வேண்டும் என்றாலோ, பிள்ளைகளுக்குப் படிக்க லேப்டாப் தேவைப்பட்டாலோ ஸ்டிக் வாங்குவதில் அர்த்தம் உண்டு.

சுவர்

எஸ்டேட் பங்களாக்களிலும் ஊட்டியின் பழைய வீடுகளிலும் கருங்கல் சுவர்கள் ஒன்றரை அடி, இரண்டு அடி தடிமன் இருக்கும். இன்றைய ரௌட்டர்கள் இரண்டு அலைவரிசைகளில் வை-பி தருகின்றன. 5 கிகா ஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் கல் சுவரைத் தாண்டுவது கடினம். 2.4 கிகா ஹெர்ட்ஸ் சற்று மெதுவானது. சுவரைத் தாண்டி இன்னும் கொஞ்சம் தூரம் போகும். டி.வி. அடுத்த அறையில் இருந்தால் ஸ்டிக்கை 2.4-ல் இணைத்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், ஸ்டிக் டி.வி.க்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. முன்னால் டி.வி.யின் உலோகத் தகடு, பின்னால் கல் சுவர். பெட்டிக்குள் வரும் ஒரு சாண் நீள எச்.டி.எம்.ஐ. எக்ஸ்டெண்டரைப் பலர் தேவையில்லை என்று எடுத்து வைத்துவிடுகிறார்கள். அதை மாட்டி, ஸ்டிக்கை டி.வி.யின் ஓரத்திற்கு வெளியே தொங்க விட்டாலே நிலைமை மாறும். அதற்கும் சரியாகாவிட்டால் ரௌட்டரிலிருந்து ஒரு ஈதர்நெட் கேபிள் இழுங்கள். பல ஸ்டிக்குகளுக்கு ஈதர்நெட் அடாப்டர் தனியாகக் கிடைக்கிறது. ஸ்டிக் வாங்கும் முன் உங்கள் மாடலுக்கு உண்டா என்று கேட்டுக்கொள்ளவும்.

எதை வாங்குவது?

உங்கள் டி.வி. ஸ்மார்ட் டி.வி.யாக இருந்து, தேவையான ஆப்ஸ் ஓடினால் எதுவும் வாங்க வேண்டாம். பழைய ஸ்மார்ட் டி.வி.யில் ஆப்ஸ் அப்டேட் ஆவது நின்றுபோயிருந்தால், புது டி.வி.க்குப் பதில் ஒரு ஸ்டிக் போதும்.

அமேசானின் பயர் டி.வி. ஸ்டிக் இந்தியாவிற்கு 2017 ஏப்ரலில் ரூ.3,999 விலையில் வந்தது. இன்றும் எளிதாகக் கிடைப்பது இந்த வகைதான். எச்.டி., 4கே என இரு வகை உண்டு. உங்கள் இரவு நேர எண்ணையும், டி.வி. 4கே தானா என்பதையும் வைத்து முடிவு செய்யுங்கள். கூகுளின் குரோம்காஸ்ட் 2014-ல் இங்கு வந்தது; 2024 ஆகஸ்டில் அதன் தயாரிப்பை நிறுத்துவதாகக் கூகுள் அறிவித்துவிட்டது. யாராவது பழையதைக் குறைந்த விலைக்குத் தந்தால் யோசிக்கவும். 2025 மார்ச்சில் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் உலகம் முழுவதும் சில நாட்கள் வேலை செய்யாமல் நின்றன. அதே ஆண்டு ஜூனில் முதல் தலைமுறை பயர் டி.வி. சாதனங்களில் நெட்பிளிக்ஸ் நிறுத்தப்பட்டது. ஸ்ட்ரீமிங் சாதனத்தை இரண்டாம் கையாக வாங்கும்போது அது எந்தத் தலைமுறை என்று கேட்காமல் பணம் தராதீர்கள்.

பைபர் இணைப்புடன் செட் டாப் பாக்ஸும் தருகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். தந்தால் செலவு மிச்சம். ஆனால் இணைப்பை மாற்றினால் அந்தப் பாக்ஸைத் திருப்பித் தர வேண்டியிருக்கும், அல்லது அது வேலை செய்யாது.

மூன்று வண்ண ஓட்டைகள் மட்டும் உள்ள பழைய பெட்டி டி.வி. வைத்திருப்பவர்கள், எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி.யாக மாற்றும் கன்வெர்ட்டரைப் பயன்படுத்தலாம். யு ட்யூப் ஓடும். சந்தா கட்டிப் பார்க்கும் தளங்கள் பல, திருட்டுப் பிரதி தடுக்கும் ஏற்பாடு காரணமாகக் கருப்புத் திரை காட்டக் கூடும்.

"எல்லாச் சேனலும் இலவசம்" என்று பெயர் தெரியாத ஆண்ட்ராய்ட் பாக்ஸ்கள் மலிவாக விற்கின்றன. இவற்றைத் தொடவே வேண்டாம். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வைரஸுடன் வந்த பாக்ஸ்கள் பற்றி 2025 ஜூனில் அமெரிக்காவின் எப்.பி.ஐ. எச்சரிக்கை வெளியிட்டது. பேட்பாக்ஸ் 2.0 எனப்படும் இந்த மோசடியில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சாதனங்கள் சிக்கியதாக, அடுத்த மாதம் தொடுத்த வழக்கில் கூகுள் கூறியது. அந்தப் பாக்ஸ் இணைவது, நீங்கள் நெட் பேங்கிங் செய்யும் அதே வை-பி.யில் என்பதை நினைவில் வைக்கவும்.

கரன்ட்

ஸ்டிக்கிற்கு டி.வி.யின் யு.எஸ்.பி. போர்ட்டிலிருந்தே கரன்ட் கொடுப்பது வழக்கம். பல டி.வி.க்களில் அந்தப் போர்ட் 2.5 வாட்தான் தரும். ஸ்டிக்கிற்கு 5 வாட் தேவை. படம் நடுவில் ஸ்டிக் தானாக ரீஸ்டார்ட் ஆனால் இதுதான் காரணம். பெட்டியில் வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் மாட்டவும்.

காற்றிலும் மழையிலும் கரன்ட் போய்ப் போய் வரும் இடங்களில், ரௌட்டருக்கும் பைபர் மோடத்திற்கும் 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்று வாங்கலாம். கரன்ட் ஒரு நொடி போனாலும் ரௌட்டர் மீண்டும் உயிர் பெற இரண்டு, மூன்று நிமிடம் பிடிக்கும். அதை இது தவிர்க்கிறது. இரண்டின் அடாப்டரிலும் 12 வோல்ட் என அச்சிட்டிருப்பதை உறுதி செய்த பின்பே இணைக்கவும்.

கடைசியாக, ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரி காலையில் ரிமோட் வேலை செய்யாவிட்டால் சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டாம். குளிரில் பேட்டரி செல்கள் பலவீனமாகும். செல்களைக் கழற்றி உள்ளங்கையில் ஐந்து நிமிடம் வைத்திருந்து மீண்டும் போட்டுப் பாருங்கள்.