தீட்சை – சொற்பொருளும் தோற்றமும்



சைவநெறிப் பாடத்தில் "தீட்சை என்றால் என்ன?" என்பது எளிய வினாவாகத் தோன்றும். ஆயினும் விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒரே பிழையைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். "தீ என்றால் நெருப்பு. நெருப்பு வளர்த்துச் செய்வதால் தீட்சை எனப்பட்டது" என்று பலர் எழுதிவிடுகின்றனர். இது தவறு. தீட்சை வடசொல், நெருப்பைக் குறிக்கும் 'தீ' தமிழ்ச்சொல். நெருப்பு வளர்க்காமல் செய்யப்படும் தீட்சைகளும் உண்டு என்பதை நினைவிற் கொண்டால் இப்பிழை நேராது.

1. சொல்லின் வடிவம்

வடமொழியில் இது 'தீக்ஷா'. தமிழில் 'க்ஷ' என்னும் எழுத்து 'ட்ச' என்றோ 'க்க' என்றோ மாறும். பக்ஷம் என்பது பட்சம், பக்கம் என வருவது போலத் தீக்ஷா என்பதும் தீட்சை, தீக்கை என வரும். இரண்டும் ஒரே சொல்லே. வினாத்தாளில் 'தீக்கை' என்று வந்தால் மயங்க வேண்டாம்.

2. சொற்பொருள்

சைவ மரபு இச்சொல்லை இரண்டாகப் பிரித்துப் பொருள் கூறும்.

தீ – கொடுத்தல்
க்ஷா – கெடுத்தல் (அழித்தல்)

எதைக் கொடுப்பது? ஞானத்தை. எதைக் கெடுப்பது? பாசத்தை. எனவே, ஆன்மாவைப் பிணித்துள்ள மலங்களைக் கெடுத்து ஞானத்தைக் கொடுக்கும் கிரியையே தீட்சை. இது சமயத் தத்துவத்தை உணர்த்தும் விளக்கமாகும். வடமொழி இலக்கணத்தார் 'தீக்ஷ்' என்னும் வினையடிக்கு முடி மழித்தல், வேள்வி செய்தல், உபநயனம், நியமம், விரதம் ஆகியவை தொடர்பான பொருள்களைக் கூறுவர். பரீட்சையில் 'சைவ மரபின்படி பொருள்' கேட்கப்பட்டால் முதலாவது விளக்கத்தையே எழுதுக.

3. தோற்றம்

வேத காலத்தில் சோம வேள்வி செய்ய விரும்பும் தலைவன் முதலில் தீட்சை பெற்றான். அவன் முடி மழித்து, நீராடி, மான் தோல் தரித்து, தனிக் குடிலில் நோன்பிருந்தான். அப்போது அவன் கருவிலுள்ள குழந்தைக்கு ஒப்பாகக் கருதப்பட்டான் என்பதை ஐதரேய பிராமணம் கூறும். வேள்விக்குத் தகுதியுடையவனாக அவன் மீண்டும் பிறக்கிறான் என்பதே கருத்து. வேள்வி முடிய அத்தீட்சையும் முடிந்துவிடும்.

சைவாகமங்கள் இக்கருத்தை மேலும் வளர்த்தன. அங்கே தீட்சை ஒரு வேள்விக்கான தகுதி மட்டுமன்று. ஆன்மா வீடுபேறு அடைவதற்கான வழி.

4. தீட்சை வகைகள்

செய்யப்படும் முறையால் ஏழு வகைப்படும்: நயனம் (பார்வை), பரிசம் (தொடுதல்), வாசகம் (மந்திர உபதேசம்), மானசம் (நினைத்தல்), சாத்திரம் (நூற்பொருள் உணர்த்தல்), யோகம் (யோக நெறி), ஔத்திரி (ஓமத்தோடு கூடியது).

முதல் நான்கில் மூன்றை உவமையால் நினைவிற் கொள்ளலாம். மீன் பார்வையாலும், பறவை தொட்டு அடைகாத்தும், ஆமை நினைவாலும் முட்டையைப் பொரிக்கும் என்பர். இவை முறையே நயனம், பரிசம், மானசம் ஆகியவற்றுக்கு உவமை.

ஔத்திரி, குண்டம் முதலியவற்றை மனத்தால் அமைத்துச் செய்யும் ஞானவதி, அவற்றைப் புறத்தே அமைத்துச் செய்யும் கிரியாவதி என இரு வகைப்படும்.

படிநிலையால் மூன்று வகைப்படும்:

சமய தீட்சை – சரியை நெறிக்கு உரிமை தருவது
விசேட தீட்சை – கிரியை, யோக நெறிகளுக்கு உரிமை தருவது
நிர்வாண தீட்சை – ஞான நெறிக்கு உரிமை தருவது

5. அடியார் வரலாற்றில்

திருநல்லூரில் இறைவன் அப்பரின் தலைமேல் திருவடி சூட்டினார். இதைப் பரிச தீட்சைக்கு உதாரணமாக எழுதலாம். திருப்பெருந்துறையில் குருந்தமரத்தடியில் இறைவன் குருவாக வந்து மாணிக்கவாசகரை ஆட்கொண்டார்.

6. நினைவிற் கொள்க

தீட்சை பெற்றதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. உங்களிற் சிலர் சமய தீட்சை பெற்றிருக்கலாம். அன்று குரு உபதேசித்த திருவைந்தெழுத்தை இன்று செபிக்கிறோமா என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுப் பார்த்தல் நன்று. விதை இட்டவர் குரு. நீர் ஊற்ற வேண்டியவர் மாணாக்கர். நித்திய அனுட்டானமே அந்நீர்.

பயிற்சி வினா

"தீட்சை என்பது வெறும் சடங்கன்று." விளக்குக.

விடைக் குறிப்பு: சொற்பொருள் (கொடுத்தல், கெடுத்தல்) – மல நீக்கம் – படிநிலைகளும் அவை தரும் உரிமைகளும் – அடியார் வரலாற்று உதாரணம் ஒன்று – தீட்சைக்குப் பின் செய்யவேண்டிய அனுட்டானம். இவ்வைந்தையும் இதே ஒழுங்கில், ஒவ்வொன்றையும் தனிப் பந்தியாக எழுதிப் பழகுக.